நாலாம் நம்பர் ரத்தம்

செவ்வாய்க்கிழமை காலை எட்டே காலுக்கு அன்பரசு, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கும் அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் மாடி அறையில் உட்கார்ந்திருந்தான். மடியில் ஒரு அட்டை, அதில் செருகிய ஒற்றைப் பக்கப் படிவம். கடந்த இரண்டு வாரத்தில் காய்ச்சல் உண்டா, காயம் உண்டா, மாத்திரை ஏதாவது சாப்பிட்டீர்களா என்று மூன்று கேள்விகள். மூன்றுக்கும் 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்தான். அடிக்கும்போதே இடது உள்ளங்கால் ஷூவுக்குள் திகுதிகுவென்று எரிந்தது. பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, ஒன்றும் நடக்காதவன்போல முகத்தை வைத்துக்கொண்டான்.

அறிவுச்செல்வி படிவத்தை வாங்கிக் கோப்பில் வைத்தாள். படிக்கவில்லை. மற்றவர்கள் எழுதிக் கொடுத்தால் வரிக்கு வரி விரல் வைத்துப் பார்க்கிறவள், கட்டிய புருஷன் கொடுத்ததை எதற்குப் படிக்க வேண்டும்? வெள்ளைக் கோட்டுக்குள் அவள் வேறு ஆளாகத் தெரிவாள். வீட்டில் 'ஏனுங்க' என்று கூப்பிடும் அதே குரல்தான். இங்கே அதில் ஒரு அதிகாரம் ஏறியிருக்கும், அவனுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

"என்னுங்க இன்னிக்கு ஷூவெல்லாம்?"

"பட்டறையில ஆசிட் கொட்டிருச்சு. செருப்பு போட்டா ஆவாது."

"கைய நல்லா மூடிக்கோங்க. அவ்வளவுதான்."

ஊசி ஏறியதே தெரியவில்லை. பத்து வருஷம் ரத்தப் பரிசோதனை நிலையங்களில் குத்திக் குத்திப் பழகிய கை. நான்கு குழாய்கள் நிறைந்ததும் பஞ்சை வைத்து அழுத்தி, "டீ குடிச்சுட்டு போங்க, சர்க்கர போட்டு" என்றாள். குழாய்களில் '4' என்று எழுதி ஒட்டினாள். அந்த அறையில் அவனுக்குப் பெயர் கிடையாது. நாலாம் நம்பர் கொடையாளர், அவ்வளவுதான்.

அன்பரசுக்கு அந்த நம்பர்மேல் ஒரு தனிப் பெருமை உண்டு. பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது நெஞ்சளவு போதவில்லை என்று வரிசையிலிருந்து விலக்கப்பட்டவன் அவன். பத்தாம் வகுப்பில் கணக்கு அவனை மூன்று முறை திருப்பி அனுப்பியது. பெண் பார்க்க மல்லசமுத்திரம் போனபோது, மாப்பிள்ளை கொஞ்சம் குள்ளம் என்று செல்வியின் அத்தை ஒருத்தி அவன் காதில் விழும்படியே சொன்னாள். இப்படி எல்லா அளவுகோலுக்கும் ஓர் இஞ்ச் குறைந்தே வாழ்ந்தவனை, மூன்று மாதங்களுக்கு முன் நர்மதா மேடம் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "உங்க கவுன்ட் எல்லாம் ரொம்ப நார்மல், இந்த மாதிரி ஆள்தான் எங்களுக்கு வேணும்" என்றார். செல்வியின் ஆராய்ச்சிக்கு வழிகாட்டி அவர்தான். அன்று பட்டறைக்குத் திரும்பியதும் லாரி டிரைவர்களிடம், "நான் நார்மலுன்னு டாக்டரம்மா சொல்லீட்டாங்க" என்று சொல்லிச் சிரித்தான்.

செல்வியின் ஆராய்ச்சி என்ன என்று யாராவது கேட்டால் அன்பரசு தயங்காமல் சொல்லிவிடுவான். ரத்தத்தில் தட்டணு என்று ஒன்று இருக்கிறது, அடிபட்ட இடத்தில் ரத்தத்தை உறையவைப்பது அதுதான். அந்தத் தட்டணுக்கள் எத்தனை இருக்க வேண்டும் என்று எலும்பு மஜ்ஜைக்குச் சொல்லி அனுப்பும் ஹார்மோன் ஒன்று கல்லீரலில் சுரக்கிறது. பெயர் த்ரோம்போபொயட்டின், வீட்டில் சுருக்கமாக டி.பி.ஓ. தட்டணுவைப் பார்த்துக்கொள்ள வேண்டிய இந்த ஹார்மோன், சம்பந்தமே இல்லாத வெள்ளையணுக்களை என்ன செய்கிறது என்பதுதான் செல்வியின் நாலு வருஷக் கேள்வி. வெள்ளையணு, கிருமியைக் கண்டால் ஒரு வகை ஆக்சிஜனைக் கக்கும். கூடவே ஒரு மருந்தைச் சேர்த்துவைத்தால் அது அப்போது மினுங்கும். இருட்டுப் பெட்டிக்குள் வைத்து அந்த மினுக்கத்தைக் கருவி அளந்து கோடாகப் போட்டுத் தரும்.

முதல் ஒன்றரை வருஷம் ஹார்மோனைப் போட்டால் கோடு அசையவே இல்லை. ஒன்றும் செய்யவில்லை போலிருக்கிறது, வேறு தலைப்பு எடுக்கலாமா என்று அவள் சாப்பிடாமல் கிடந்த நாட்கள் உண்டு. பிறகு ஒருநாள் வரிசையை மாற்றினாள். முதலில் ஹார்மோன், கொஞ்ச நேரம் கழித்து கிருமியின் துணுக்கு. கோடு ஜிவ்வென்று ஏறியது. வெறும் கிருமித் துணுக்குக்கு ஏறுவதைவிட அதிகம். அன்று சாயங்காலம் அடுப்படியில் நின்றபடியே அவள் அதை விளக்க, தேங்காய் துருவிக்கொண்டிருந்த அன்பரசு நிமிர்ந்து பார்த்தான்.

"அட, ஹீட்டர் புள்ள. பழைய டீசல் வேன்ல சாவிய பாதி திருப்புனா ஹீட்டர் போடும். அது வண்டிய கெளப்பாது. ஆனா ஹீட்டர் போட்டுட்டு செல்ஃப் அடிச்சா ஒரே அடியில எந்திரிக்கும். உன்ற ஹார்மோனு ஹீட்டரு, கிருமி செல்ஃபு."

அவன் ஆட்டோ எலக்ட்ரீஷியன். நாமக்கல் சாலையில் ஒரு தகரக் கொட்டகையில், லாரிகளுக்கு வயரிங், செல்ஃப் மோட்டார், டைனமோ என்று இருபது வருஷமாகப் பார்க்கிறான். செல்வி அந்த ஹீட்டரை அடுத்த கருத்தரங்கில் படமாகவே போட்டுக் காட்டினாள். பெரிய பெரிய மருத்துவர்கள் தலையாட்டினார்கள் என்று வந்து சொன்னாள். தேங்காய் துருவும்போது வாய்க்கு வந்ததைச் சொன்னவனுக்கு இவ்வளவு மரியாதை வேறு எங்கே கிடைத்திருக்கிறது?

கட்டுரை ஒரு வெளிநாட்டு இதழுக்குப் போனது. ஆறு கொடையாளர்கள், ஆளுக்கு மூன்று சுற்று செய்துகாட்டினால் ஏற்கலாம் என்று திரும்பி வந்தது. பனிக்கட்டியில் வைத்து வந்த ஹார்மோன் புட்டியில் மிச்சமிருப்பது அந்தச் சுற்றுகளுக்குத்தான் காணும், கூடக் கொஞ்சம் சொட்டு இருக்கலாம். பதில் அனுப்பக் கடைசி நாள் வருகிற வெள்ளிக்கிழமை. அதுவும் போனால் ஆராய்ச்சிக் காலம் முடிந்துவிடும். நாலு வருஷமும் வெறும் நோட்டுப் புத்தகமாகப் பரணுக்குப் போகும்.

இந்த நேரத்தில்தான் அன்பரசு ஒரு காரியம் செய்தான். எருமப்பட்டி அவன் ஊர். அங்கே மாரியம்மனுக்கு வருஷத்தில் ஒருமுறை நெருப்புக் குண்டத்தில் இறங்கிப் பூ மிதிப்பார்கள். செல்வியின் சோதனை நல்லபடியாக முடிந்தால் குண்டம் இறங்குகிறேன் என்று இரண்டு மாதத்துக்கு முன்பே மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தான். இரண்டு சுற்று நன்றாகவே வந்தது. மூன்றாவது சுற்று முடிவதற்குள் திருவிழா வந்துவிட்டது. அடுத்த வருஷம்வரை அம்மனைக் காக்கவைப்பது சரியில்லை, முன்கூட்டியே செலுத்திவிட்டால் மூன்றாம் சுற்றும் முடிந்த மாதிரிதான் என்று அவனே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டான். கணக்கு அவனுக்கு என்றைக்குச் சரியாக வந்திருக்கிறது? செல்வியிடம் திருவிழா பார்க்கப் போகிறேன் என்று மட்டும் சொன்னான். கையில் காப்புக் கட்டியதைப் பார்த்துக் கேட்டவளிடம், பங்காளிகள் எல்லோரும் கட்டுகிறார்கள் என்றான். சொன்னால் வேண்டாம் என்பாள். அதோடு, வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காதோ என்றும் ஒரு பயம்.

வெள்ளிக்கிழமை விடிகாலையில் மஞ்சள் வேட்டியோடு வரிசையில் நின்று, வேப்பிலையைப் பிடித்துக்கொண்டு எட்டு எட்டு வைத்து இறங்கி ஓடினான். வலது கால் ஒன்றும் ஆகவில்லை. இடது காலில் நடுவிரலுக்குக் கீழே சுருக்கென்று ஒரு கங்கு ஒட்டியது. அந்தப் பக்கம் பால் ஊற்றிய பள்ளத்தில் காலை வைத்தபோதே தெரிந்துவிட்டது.

"கால் எப்பிடி இருக்குது சாமி?" என்று கேட்டார் நாச்சிமுத்து மாமா. காப்புக் கட்டிவிட்டவர் அவர்தான்.

"பூவாட்டம் இருக்குதுங்க மாமா."

வேறென்ன சொல்வது? சுத்தமாக விரதம் இருந்தவன் காலை நெருப்பு தொடாது என்பது ஊர்ப் பேச்சு. கொப்புளம் வந்தால் எங்கோ குறை இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் குறை எது என்றும் அவனுக்குத் தெரியும். விரதத்தின் ஆறாம் நாள் பேக்கரியில் டீயோடு வழக்கமாகக் கை நீட்டி எடுப்பதுபோல் ஒரு முட்டை பப்ஸை எடுத்துக் கடித்துவிட்டான். இரண்டாவது கடியில் நினைவு வந்தது. கீழே போட மனம் வராமல் தின்று முடித்தான். நாமக்கல் ஜில்லாவில் பிறந்தவனிடம் முட்டை அசைவம் என்று சட்டென்று நினைவுக்கு வரச் சொன்னால் எப்படி? அம்மன் மன்னித்திருப்பாள் என்று நம்பினான். காலைப் பார்த்தால் மன்னித்ததாகத் தெரியவில்லை.

ஆகவே மூன்று நாளாக மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரையை விழுங்கிக்கொண்டு, வீட்டுக்குள்ளும் காலுறை போட்டுக்கொண்டு நடமாடினான். ஒன்பது வயது மகள் தமிழினி மட்டும் ஒருமுறை, "அப்பா, ஊட்டுக்குள்ள எதுக்கு சாக்ஸு?" என்று கேட்டாள். குளிருகிறது என்றான். சேலத்து வெயிலில் குளிருகிறது என்று சொன்ன மனிதனை அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்குச் செல்வி வீடு திரும்பினாள். பையைக் கூட இறக்காமல் சமையலறை வாசல்படியில் உட்கார்ந்தாள். அன்பரசு டீ போட்டுக் கொடுத்தான். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள், குடிக்கவில்லை.

"என்ன புள்ள?"

"எல்லாம் போச்சுங்க."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். நிதானமாக, யாரோ ஒருத்தியின் கதையைச் சொல்வதுபோலச் சொன்னாள். எந்தச் சோதனையிலும் ஒரு குழாய் சும்மா வைப்பார்கள். அதில் ஹார்மோன் கிடையாது, கிருமித் துணுக்கு கிடையாது, வெள்ளையணு மட்டும். அது சும்மா கிடக்க வேண்டும். இன்றைக்கு அந்தக் குழாய் தானாகவே மினுங்கியது. கிருமித் துணுக்கைப் போட்டதும் கோடு உச்சிக்குப் போய்விட்டது. ஹார்மோன் போட்ட குழாயும் அதே உச்சிதான், ஒரு கோட்டுக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசமே இல்லை. இரண்டாவது தடவையும் வைத்துப் பார்த்தாள். அதேதான்.

"ஒண்ணும் போடாமயே செல்லு முழிச்சுட்டு இருக்குது. மேடம் பாத்துட்டு, நம்ம தண்ணியிலயோ ட்யூப்லயோ கெட்டுப்போனது ஏதோ கலந்திருக்கும்னு சொல்றாங்க. செத்த பாக்டீரியாவோட தூசி இருந்தாலே போதுங்க. அப்பிடி இருந்துச்சுன்னா, எப்ப இருந்து இருக்குதுன்னு யாருக்கு தெரியும்? ஒரே தண்ணிதான் மூணு மாசமா. இதுக்கு முன்னால வந்ததெல்லாம் ஹார்மோனால வந்துச்சா, தூசியால வந்துச்சான்னு கேட்டா எனக்கு பதில் இல்ல. நாளைக்கு எல்லாத்தையும் எடுத்து கொட்டிட்டு, பேப்பர வாபஸ் வாங்கறேன்னு எழுதப் போறேன்."

அன்பரசு வாசல்படிக்கு எதிரே சுவரில் சாய்ந்து நின்றான். போன மாதம் அவன் பட்டறைக்கு ஒரு லாரி வந்தது. ராத்திரி நிறுத்திவைத்தால் காலையில் பேட்டரி செத்துப்போகிறது. ஓசூரில் ஒரு பேட்டரி மாற்றியிருந்தார்கள், கிருஷ்ணகிரியில் டைனமோவையே கழற்றிப் புதிது போட்டிருந்தார்கள். அன்பரசு அரைமணி நேரம் வயர் வயராகப் பிடித்துக்கொண்டு போனான். கேபினுக்குள் சாமி படத்துக்குமேல் மிளகாய் அளவில் ஒரு பல்பு, யாரும் அணைக்காமல் எரிந்துகொண்டிருந்தது. நல்ல சாமானைக் கழற்றி எறிகிறவனைக் கண்டால் அன்பரசுக்குப் பொறுக்காது. பிழை எங்கே என்று தெரியாமல் ஒரு ஸ்க்ரூவையும் தொடக் கூடாது என்பது அவன் தொழிலில் அவனுக்கு இருந்த ஒரே கொள்கை.

இப்போது எதிரே ஒருத்தி நாலு வருஷத்தைக் கழற்றி எறிய உட்கார்ந்திருக்கிறாள். பிழை எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அது அவன் காலுறைக்குள், கிருமி ஏறிய புண்ணாக இருக்கிறது. சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரியும். பொய்ப் படிவம் எழுதினவன் ஆவான். திருட்டுத்தனமாகப் பூ மிதித்தவன் ஆவான். முட்டை பப்ஸும் வெளியே வரும். இவள் முகத்தில் தன்னைப் பற்றி இருக்கிற அந்த நம்பிக்கை, படிக்காமலே கோப்பில் வைக்கிற நம்பிக்கை, இன்றோடு போய்விடும். அதை நினைத்தபோதுதான் உண்மையிலேயே பயமாக இருந்தது. நெருப்பில் இறங்கும்போதுகூட இவ்வளவு பயம் இல்லை.

"செல்வி, தண்ணி நல்லாத்தான் இருக்குது."

"உங்களுக்கு என்னுங்க தெரியும்?"

அவன் தரையில் உட்கார்ந்து இடது காலுறையைக் கழற்றினான். துணி புண்ணோடு ஒட்டியிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உரித்தான். ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக, ஓரமெல்லாம் சிவந்து, நடுவில் வெளுத்துக் கிடந்தது. பாதமே வீங்கியிருந்தது.

செல்வி டம்ளரைக் கீழே வைத்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பேசும்போது குரல் வீட்டுக் குரலாக இல்லை, வெள்ளைக் கோட்டுக் குரலாக இருந்தது.

"என்னைக்கு ஆச்சு?"

"வெள்ளிக்கிழம."

"எதுல?"

"குண்டத்துல."

"மாத்திர?"

"மூணு நாளா. ஒரு நாளைக்கு ரெண்டு."

"காலையில ஃபார்ம்ல என்ன எழுதுனீங்க?"

அவன் கழற்றிய காலுறையை நான்காக மடித்தான்.

"எதுக்கு மிதிச்சீங்க?"

"உன்ற சோதன நல்லபடியா முடியோணும்னு."

சிரிப்பதா கத்துவதா என்று தெரியாத ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது. பிறகு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, நின்றபடியே சொன்னாள்.

"என்னக் கேக்காம ஒரு வேண்டுதல வெச்சு, அத என்ற கிட்ட மறச்சு, அந்த கால வெச்சுக்கிட்டே வந்து எனக்கே ரத்தம் குடுத்திருக்கீங்க. நாலு மணி நேரம் அந்த பெட்டி முன்னால நான் என்ன பாடு பட்டேன் தெரியுங்களா? என்ற கையையே சந்தேகப்பட்டேன். கை கழுவுனது சரியில்லையோன்னு மூணு தடவ கழுவுனேன்."

"தப்புத்தான் புள்ள."

"டாக்டரு கிட்ட போங்க. இப்பவே. நான் தொட மாட்டேன்."

தொடவில்லை. அன்பரசு தெருமுனைக் கிளினிக்குக்கு நொண்டிக்கொண்டு தனியாகப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டு, ஊசியும் போட்டுக்கொண்டு வந்தான். வந்தபோது சாப்பாடு மூடி வைத்திருந்தது, அவன் பங்குக்கு அப்பளம் இரண்டு கூட இருந்தது. ஆனால் பேச்சு இல்லை. தமிழினி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வீட்டுப்பாடத்தைத் தானாகவே எடுத்து எழுத உட்கார்ந்தாள். அந்த வீட்டில் நிலைமை மோசம் என்பதற்கு அதைவிட வேறு அடையாளம் வேண்டாம்.

புதன்கிழமை பட்டறையில் அவனுக்கு வேலையே ஓடவில்லை. ஹெட்லைட்டுக்குப் போகிற வயரை ஹாரனுக்குக் கொடுத்துவிட்டு, டிரைவர் சிரித்த பிறகு கழற்றினான். காயம்தான் காரணம் என்று அவன் நினைக்கிறான். இல்லாமல் உண்மையிலேயே தண்ணீர்தான் கெட்டிருந்தால்? பத்து மணிக்கு எருமப்பட்டியிலிருந்து மாமா பேசினார். மறுபடியும் கால் எப்படி என்று கேட்டார்.

"கொப்புளம் வந்துருச்சுங்க மாமா. சீழ் வெச்சிருக்குது. நான் பொய் சொல்லீட்டேன்."

அந்தப் பக்கம் மாமா தொண்டையைச் செருமினார்.

"எனக்கும் மூணு வருசம் வந்துருக்குது சாமி. யாரு கிட்டயும் சொல்லுல" என்றார் மாமா. பிறகு மழையைப் பற்றிப் பேசினார்.

நாலரைக்கே கொட்டகையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து காத்திருந்தான். செல்வி ஆறரைக்கு வந்தாள். பையை ஆணியில் மாட்டினாள், முகம் கழுவினாள், மகளின் ஜடையைச் சரிசெய்தாள். அப்புறம் ஒரு கிண்ணத்தில் உப்புநீர், கட்டுத்துணி, கத்தரிக்கோல் எல்லாவற்றையும் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தாள்.

"கால குடுங்க."

அவன் நீட்டினான். அவள் அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கட்டை அவிழ்த்தபடியே, அவனைப் பார்க்காமல் பேசினாள்.

"மேடம் கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். கண்ணாடிய கழட்டி வெச்சாங்க. அப்பறம், எங்க ராசிபுரத்துல எங்க அண்ணனும் வருசா வருசம் மிதிக்கறான், ஆனா கொப்புளம் வந்தா வாய் விட்டு சொல்லிருவான்னு சொல்லீட்டு, ரத்தம் எடுத்துக்கச் சொல்லி அவங்களே கைய நீட்டுனாங்க. அதே தண்ணி, அதே ட்யூப்பு, புட்டியில இருந்த கடைசி சொட்டு ஹார்மோனு."

"அப்பறம்?"

"சும்மா வெச்ச ட்யூப்பு சும்மாவே கெடந்துச்சு. ஹார்மோனு போட்டுட்டு கிருமி போட்டதும் ஏறுச்சு. எப்பவும் போல."

அன்பரசு மூச்சை விட்டான்.

"உங்க புண்ணுதான் உங்க செல்ல முன்னாலயே எழுப்பி வெச்சிருக்குது. ஏற்கனவே சூடா இருக்கற வண்டிக்கு மறுபடி ஹீட்டர் போட்டா என்னுங்க பிரயோசனம்? எனக்கு அது அழகா இருக்குதுன்னு தோணுச்சு. ஆனா ஒரு ஆள வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுன்னுட்டாங்க மேடம்." கத்தரிக்கோலை வைத்துவிட்டு இப்போது அவனைப் பார்த்தாள். "நாலாம் நம்பரோட மூணு சுத்தையும் கணக்குல இருந்தே எடுத்தாச்சுங்க. ஒருக்கா பொய் எழுதுன ஆளோட முன்னால ரெண்டு தடவையும் நம்ப முடியாது. நான்தான் எடுக்கச் சொன்னேன். அஞ்சு பேர வெச்சு அனுப்பறோம். மேடம் ரத்தத்த ஒரே சுத்துன்னு தனியா எழுதியாச்சு. திருப்பி அனுப்புனாலும் அனுப்புவாங்க."

அவன் தலையாட்டினான். நியாயம்தான். ஆனாலும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று கழன்று விழுந்தது. முதல் இரண்டு சுற்றிலும் ஆறு பேரில் அவன் கோடுதான் இருப்பதிலேயே அழகாக வந்தது என்று அவள் சொல்லியிருந்தாள். அந்தக் கோடுகள் இனி எந்தத் தாளிலும் இருக்காது.

"இன்னொண்ணு சொல்லோணும். விரதத்துல முட்ட பப்ஸு தின்னுட்டேன்."

செல்வி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "எங்க தின்னீங்க?" என்றாள்.

"பட்டறைக்கு எதுத்தாப்ல, பேக்கரியில."

"ஒண்ணா ரெண்டா?"

"ஒண்ணுதான். சத்தியமா."

"உங்க சத்தியத்த நேத்துத்தான் பாத்தேன்." சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். எவ்வளவு நல்ல மனுஷி இவள், தனக்குப் போய் எப்படி வாய்த்தாள் என்று அன்பரசு ஆயிரத்தோராவது தடவையாக நினைத்தான்.

அவள் உப்புநீரில் துணியை நனைத்து, புண்ணை வெளியிலிருந்து உள்ளே அல்ல, உள்ளிருந்து வெளியே, மெல்ல மெல்லத் துடைத்தாள். எரிந்தது. அவன் சத்தம் போடவில்லை. வெள்ளைத் துணியில் மஞ்சளும் வெளுப்புமாகச் சீழ் ஒட்டிக்கொண்டு வந்தது. அதைத் தட்டில் போடப்போனவள், கை பாதியில் நின்றது. துணியை விரித்து, ஜன்னலில் மிச்சமிருந்த வெயில் படும்படி தூக்கிப் பிடித்தாள்.

"அத என்ன பாக்கற? தூக்கிப் போடு, அசிங்கம்."

"இதெல்லாம் வெள்ளையணுங்க" என்றாள் அவள். "உங்க கால காப்பாத்தப் போயி செத்தது. நாலு வருசமா ட்யூப்புக்குள்ளதான் பாத்திருக்கேன். வேல செஞ்ச எடத்துல இன்னிக்குத்தான் பாக்கறேன்."

தமிழினி நோட்டை மூடிவைத்துவிட்டு வந்து அம்மாவின் தோளில் சாய்ந்தபடி எட்டிப் பார்த்தாள். அன்பரசு காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தான். செல்வி அந்தத் துணியை வெளிச்சத்தில் இப்படியும் அப்படியுமாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அவளுடைய மற்ற கை அவன் கணுக்காலைப் பிடித்தபடி இருந்தது.